காங்கயம் வந்தாச் சொல்லுங்க

பெட்டி இடிக்குதுங்களா? கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கறேன். கீழ வெக்கச் சொல்லிக் கண்டக்டர் சொன்னாருங்க, ஆனா உள்ள இருக்கறது ஸ்பீக்கர். பஸ் ஆடற ஆட்டத்துக்கு ஒயரெல்லாம் பிஞ்சு போயிரும். மடியிலயே இருக்கட்டும். சன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க, எனக்குக் காத்து ஆகாது. உங்களுக்குக் கரூருங்களா? நல்லதாப் போச்சு. எனக்குக் காங்கயம். காங்கயம் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேச ஆரம்பிச்சன்னா எந்த ஊரு போகுதுன்னே தெரியாது. இந்தப் பெட்டி வேற மறைக்குது.

பெட்டிக்குள்ள எதுக்கு ஸ்பீக்கர்னுதானே கேட்டீங்க? கேக்கலியா? பரவால்லீங்க, சொல்றேன்.

என்ற பேரு நஞ்சப்பன். கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல ஊட்டு முன்னாலயே சின்னதா ஒரு பட்டறை. போர்டுல 'நஞ்சப்பன் இன்ஜினியரிங் டிசைன்ஸ்'னு பெருசாப் போட்டிருக்கும். உள்ள வந்து பாத்தா நானு, ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஓடாத ஒரு ஃபேன். படிச்சது டிப்ளமாதானுங்க. ஆனா யாராச்சும் இன்ஜினியர்னு கூப்புட்டா மறுத்துச் சொன்னதில்லை. அவங்க மனசை எதுக்கு நோகடிக்கோணும்?

எங்க ஊட்ல தண்ணித் தொட்டி கீழ, டேங்கு மாடி மேல. கார்ப்பரேசன் தண்ணி வந்தா மோட்டாரைப் போட்டு மேல ஏத்தோணும். போடறது என்ற வேலை. நிறுத்தறதும் என்ற வேலைதான், ஆனா அது எனக்கு ஞாபகம் இருந்ததே கெடையாது. டேங்கு நெறஞ்சு வழிஞ்சு பக்கத்து ஊட்டுச் செவுரெல்லாம் பாசி புடிச்சுப் போகும். அந்த ஊட்டு டீச்சரம்மா வந்து வாசல்ல நின்னு சத்தம் போடும். எங்கூட்டுக்காரி துளசிமணி சமையக்கட்டுல இருந்து கத்துவா. நான் பட்டறையில எதையாச்சும் நோண்டிட்டு இருப்பேன். அவ சத்தம் காதுல விழுகுமுங்க, ஆனா விழுகாது. உங்களுக்கும் கல்யாணம் ஆயிருக்குதில்லீங்களா, சொல்லாமயே புரியும்.

அந்தச் சமயத்துலதான் சிறுதொழில்காரங்களுக்கு ஒரு பயிற்சின்னு கூப்புட்டாங்க. போனேன். மத்தியானம் நல்ல சாப்பாடு. ஒரு சின்ன வயசு மேடம் வந்து பலகையில வட்டம் போட்டுச்சு. ஒரு பொருளை எப்படி டிசைன் பண்றதுன்னு. பிரச்சினை என்னன்னு மொதல்ல பாருங்க, அது யாருக்குப் பிரச்சினைன்னு பாருங்க, அவங்ககிட்டப் போயி உக்காந்து கேளுங்க, அப்பறம் வரைங்க, செஞ்சு பாருங்க, தப்பா வந்தா மறுபடி மொதல்ல இருந்து கேளுங்க. கேளுங்க கேளுங்கன்னு அந்தப் புள்ளை எத்தனை தடவை சொல்லுச்சுங்கறீங்க! எனக்கு அப்படியே மண்டையில ஏறிருச்சு. ஊட்டுக்கு வந்ததும், துளசிமணி, நம்ம டேங்குதான் என்ற புராஜெக்ட்டுன்னேன்.

அவ அரிசி களைஞ்சுட்டே சொன்னா, "டேங்கு நெறஞ்சா மோட்டாரு தானா நிக்கற மாதிரி பண்ணிப்போடுங்க. கத்தற வேலை மிச்சம்." நான் சிரிச்சனுங்க. அதெல்லாம் கடைக்குக் கடை வித்துட்டு இருக்கறானுக, அதுல டிசைன் எங்க இருக்குது? நம்முளுது புதுசா இருக்கோணுமில்ல. அவளைக் கம்முனு இருக்கச் சொல்லிப்போட்டு நோட்டுப் பேனாவோட தெருவுக்குப் போனேன். டீச்சரம்மாவைக் கேட்டேன். பால்காரரைக் கேட்டேன். அயர்ன் வண்டிக்காரரைக் கேட்டேன், அவரு ஊட்ல டேங்கே கெடையாது. ஒருத்தரை விடலீங்க.

மொத மாடல், டேங்கு நெறஞ்சா பஸ்ஸர் அடிக்கும். அடிச்சுது. லாரி ரிவர்ஸ் எடுக்கறாப்பல அடிச்சுது. தெருவுல போன வண்டியெல்லாம் ஓரங்கட்டி நின்னுருச்சு. ஒரு ஆளு என்ற வாசல்ல நின்னு, "வரட்டும், வரட்டும், ரைட்டுல ஒடிங்க"ன்னு கை காட்டறான். லாரியவே காணோம், யாருக்குக் காட்டறான்னு அவனுக்கே தெரியலை.

சரி, சத்தம் சாந்தமா இருக்கட்டும்னு ரெண்டாவது மாடலுக்குக் கோயில் மணி வெச்சேன். டீச்சரம்மா ஊட்டுலதான் மாட்டிச் சோதிச்சேன். டேங்கு நெறஞ்சுது, மணி அடிச்சுது, அந்தம்மா எந்திரிச்சுது. எந்திரிச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டு, கண்ணை மூடி நின்னுது. தண்ணி பாட்டுக்கு வழியுது, அந்தம்மா பாட்டுக்குக் கும்பிடுது. நான் என்னத்தச் சொல்றது? பக்தியா நிக்கறவங்களைப் போயி மோட்டாரை நிறுத்துங்கன்னு சொல்ல முடியுங்களா?

பல்லடம் வந்துருச்சாட்ட இருக்குது. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி, கேளுங்க.

மூணாவதுக்கு மனுசக் குரல் வெக்கலாம்னு ரோசனை பண்ணி மைக்கு வாங்குனேன். அதைச் சோதிக்கறதுக்குப் பதிவு போட்டுப்போட்டு, "ஹலோ, ஹலோ"ன்னு சொல்லிட்டு இருந்தேன். மோட்டாரு ஓடறதை மறந்துட்டேன். அன்னிக்குத் துளசிமணி சமையக்கட்டுல இருந்து கத்துனா பாருங்க. "ஏனுங்க! டேங்கு நெறஞ்சு வழியுதுங்க! காதுல விழுகுதுங்களா இல்லீங்களா?"

அது அப்படியே பதிவாயிருச்சு. திருப்பிப் போட்டுக் கேட்டேன். நான் துள்ளிக் குதிச்சு மோட்டாரை நிறுத்த ஓடுனனுங்க. அப்பறந்தான் ஞாபகம் வருது, அது ஏற்கெனவே அவளே வந்து நிறுத்திட்டுப் போன மோட்டாரு. அவ நேர்ல கத்துனப்ப எந்திரிக்காதவன் ஸ்பீக்கர்ல கேட்டதும் எந்திரிச்சிருக்கறேன்! அதுதானுங்க கண்டுபுடிப்பு. நாலு ஊட்டுல மாட்டிப் பாத்தோம். டேங்கு நெறஞ்சு அவ குரல் வந்ததுமே ஆம்பளைங்க எல்லாம் சுச்சுப் பக்கத்துல நிக்கறானுக. ஒரு பொம்பளை என்ற கையைப் புடிச்சுட்டு, "அண்ணா, பதினேழு வருசமா நான் சொல்லி எந்திரிக்காத மனுசன், உங்க மிஷின் சொன்னா எந்திரிக்கறாருங்க"ன்னு கண்ணு கலங்கிருச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

பேரு 'துளசி டேங்க் கால்'. பொண்டாட்டி பேரையே வெச்சிருக்கறேன், வேற என்ன மரியாதை வேணுங்க? சிங்காநல்லூரு, பீளமேடு, சரவணம்பட்டி, எங்க போனாலும் மொட்டை மாடியில அவ குரலு. நான் ஸ்கூட்டர்ல போகப் போக, தெருவுக்குத் தெரு என்ற பொண்டாட்டி என்னைக் கூப்புட்டுட்டே வருவா.

அவகிட்டக் கேட்டனான்னு பாக்கறீங்க. அவகிட்ட எதுக்குக் கேக்கறது? அவதான் ஊட்டுலயே இருக்கறாளே.

மொதல்ல அவளும் சிரிச்சா. அப்பறம் காய்க்கடையில அவ "கால் கிலோ கத்திரிக்கா"ன்னதும் கடைக்காரன் நிமிந்து பாத்து, "அட, டேங்கு அக்கா!"ன்னிருக்கறான். பஸ்ல டிக்கெட் கேட்டா முன்னால இருக்கறவன் திரும்பிப் பாக்கறானாம். ஊட்டுக்கு வந்து, "என்ற குரலை அதுல இருந்து எடுத்துப்போடுங்க"ன்னா. எனக்கு அந்தப் பயிற்சி மேடம் சொன்னது ஞாபகம் வந்துச்சு. உபயோகிக்கறவங்க குறை சொன்னா சந்தோசப்படோணும்னு. சந்தோசப்பட்டு, சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வெச்சுக் குடுத்தேன். அவ மறுபடி, "எனக்கு வெளிய வாயத் தொறக்கவே கூச்சமா இருக்குதுங்க"ன்னா. உடனே பாலக்காட்டுக்காரங்களுக்கு மலையாளத்துல ஒரு மாடல் பண்ணலாம், நீயே பேசிக் குடுன்னேன். என்னைப் பாத்துட்டே நின்னா. ரோசனை பண்றான்னு நெனச்சேன்.

ஏனுங்க, என்னமோ சொல்ல வர்றீங்க? இருங்க, இனிமேத்தான் முக்கியமான எடம். சொல்லி முடிச்சர்றேன்.

அவ பாடுவாளுங்க. அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. எங்க பக்கம் வள்ளி கும்மி தெரியுமில்லீங்களா, வள்ளி கதையைப் பாட்டாப் பாடி வட்டமா நின்னு கைகொட்டி ஆடறது. மகளைக் கட்டிக் குடுத்ததுக்கப்பறம் அந்தக் குழுவுல சேந்தா. சாயங்காலமானாப் போதும், சேலையை இழுத்துச் சொருகிட்டுக் கோயில் திடலுக்குக் கெளம்பீருவா. இவ குரலைக் கேட்டுட்டு வாத்தியாரு, அரங்கேற்றத்தன்னிக்கு ஒரு பாட்டை நீங்களே தனியாப் பாடுங்கன்னுட்டாரு. மாசக்கணக்கா அதே பாட்டுதான். அடுப்பு முன்னால, துணி காயப் போடறப்ப, எந்நேரமும். பாட்டு என்னன்னு கேக்கறீங்களா? எனக்கு, பாருங்க, டியூன் தெரியும். வார்த்தை சரியாத் தெரியாது.

அரங்கேற்றத்தன்னிக்கு ஊரே திரண்டு வந்துருச்சு. பச்சைச் சேலை கட்டிட்டு, எல்லாருக்கும் முன்னால வந்து நின்னா. நல்லாத்தான் எடுத்தா. மொத வரி முடியலை, பின்னால இருந்து ஒரு பய கத்தறான், "அக்கா, டேங்கு நெறஞ்சுருச்சா?" அவ்வளவுதான். திடலே சிரிச்சுது. சின்னது பெருசு அத்தனையும், "காதுல விழுகுதுங்களா இல்லீங்களா"ன்னு கைகொட்டுதுங்க. அவ மைக்கைப் புடிச்சுட்டே நின்னா. பாட்டு வரலை.

நானுங்களா? நான் முன் வரிசையில இருந்தேன். எந்திரிச்சுத் திரும்பி நின்னு, ஆமாங்க, நம்ம வீட்டுக்காரிதான், மிஷின் வேணுங்கறவங்க வாங்கிக்கங்கன்னு விசிட்டிங் கார்டு குடுத்தேன். அன்னிக்கு மட்டும் நல்ல ஆர்டருங்க.

அதுக்கப்பறம் அவ பேசறதை நிறுத்திட்டா. கோவிச்சுட்டெல்லாம் இல்லீங்க, சுத்தமாப் பேச்சே இல்லை. எனக்கு அது தெரியவே இல்லைங்கறதுதான் கூத்து. சோறு வருது, காபி வருது, மோட்டாரு போட்டா "ஏனுங்க"ன்னு குரலும் வருது. எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்துச்சு. ஒரு நா பராமரிப்புன்னு பகலெல்லாம் கரண்டு இல்லை. பட்டறையில உக்காந்திருக்கறேன், ஊடு என்னமோ கம்முனு இருக்குது. என்னடா இதுன்னு உள்ள போயிப் பாக்கறேன், அவ முறத்தை வெச்சுட்டு உக்காந்திருக்கறா. "ஏன் பேச மாட்டேங்கற?"ன்னேன். அவ பாட்டுக்கு அரிசியில கல்லுப் பொறுக்கிட்டு இருந்தா. தொண்டை கட்டியிருக்கும்னு கற்கண்டும் சித்தரத்தையும் வாங்கிட்டு வந்து வெச்சேன். மறுநா காலையில கற்கண்டு இருந்துச்சு, அவ இல்லை. காங்கயத்துல அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. எத்தனையோ தடவை போன் பண்ணிட்டனுங்க. எடுப்பா, மூச்சு விடறது கேக்கும், பேச மாட்டா. நானே பேசிட்டு வெச்சர்றது.

பஸ் நிக்குதுங்களா? பொங்கலூரா இருக்கும். நிக்கட்டும், எறங்கறவங்க எறங்கட்டும். ஏனுங்க தொடையத் தட்டறீங்க? கால் மரத்துருச்சா? பெட்டியை வேணா இன்னும் கொஞ்சம் தள்ளிக்கறேன். இருங்க, இருங்க, இந்த ஒண்ணை மட்டும் கேட்டுருங்க.

அட! கேட்டீங்களா? "ஏனுங்க! ஏனுங்க!"ன்னு. கேட்டீங்களா இப்ப? நம்ம மிஷினுங்க! ஏதோ ஓட்டல் டேங்காட்ட இருக்குது. பொங்கலூரு வரைக்கும் சரக்கு வந்துருச்சு பாருங்க, எனக்கே தெரியாம. என்ன தெளிவு! இது மூணாவது மாடல், சத்தத்தை முழுசாத் திருகி வெச்சிருக்கறாங்க. ஒரிஜினலே வந்து நின்னு கத்துனாக்கூட இத்தனை தெளிவா இருக்காதுங்க. பஸ்ஸைக் கூடத் தட்டறாங்களே யாரோ. ஏற வேண்டியவங்களா இருக்கும். விசில் அடிச்சுட்டாரு, அடுத்த பஸ்ஸுல வரட்டும்.

எங்க விட்டேன்? ஆங், மச்சான். முந்தாநேத்து மச்சானே போன் பண்ணுனாரு. "மாப்ளை, நீங்க வந்து காங்கயம் பஸ் ஸ்டாண்டுல எறங்குங்க. அவளே அங்க வர்றேன்னு எழுதிக் காட்டிட்டா. நின்னு, அவ சொல்றதை முழுசாக் கேளுங்க. நடுவுல பேசாதீங்க. அவளுக்கு மனசு இருந்தாத் துணிப்பையோட வருவா, அப்படியே கோயமுத்தூரு பஸ்ஸு ஏத்திக் கூட்டிட்டுப் போங்க. வெறுங்கையோட வந்தா, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுத் திரும்பீருவா. அவ்வளவுதான், அதுக்கப்பறம் என்னைக் கேக்காதீங்க"ன்னாரு. போனை வெக்கறதுக்கு முன்னால, "மிஷின் எதையும் தூக்கிட்டு வராதீங்க"ன்னும் சொன்னாரு.

அதனாலதான் போனைச் சைலன்ட்ல போட்டு வெச்சிருக்கறேன். ரிங்டோனும் அவ குரல்தான், அது அடிச்சு அவ வெசனப்படக் கூடாது பாருங்க.

இந்தப் பெட்டி மிஷின் இல்லீங்க. இது அவளுக்காகப் பண்ணுனது. கும்மி திடல்ல பாடறதுக்குச் சின்னதா ஒரு ஆம்ப்ளிஃபையர், தோள்ல மாட்டிக்கலாம். யாரு எத்தனை கத்துனாலும் அவ பாட்டு மேல நிக்கும். அவகிட்டக் கேட்டுத்தான் பண்ணுனனான்னு பாக்கறீங்க. பேசாதவகிட்ட எப்படிங்க கேக்கறது?

எனக்கும் அவ இல்லாம இருக்க முடியலீங்க. வெளிய சொல்லிக்கறதில்லை. இந்தப் பத்து நாளா டேங்கு நெறைஞ்சாலும் மோட்டாரை நிறுத்தாம உக்காந்துக்கறேன். அது மறுபடி மறுபடி கூப்புடுமில்ல. டீச்சரம்மா செவுத்தைக் காட்டித் திட்டுது. திட்டட்டும். துளசிமணி வந்துட்டாப் போதும், அவ என்ன சொன்னாலும் கேட்டுக்கறதா இருக்கறேன். ஊட்டுல கண்ணாடி முன்னால வாயை மூடிட்டு நின்னு பழகிக்கூடப் பாத்தேன். காங்கயத்துல எறங்குற வரைக்குந்தான் இந்தப் பேச்செல்லாம், எறங்கீட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். பாருங்க, நீங்களும் என்னமோ சொல்லோணும்னு ரொம்ப நேரமாத் தவிக்கறீங்க. சொல்லுங்க, நான் பேசலை.

என்னங்க? காங்கயமா? போயிருச்சா?

அப்ப அது பொங்கலூரு இல்லீங்களா? ஏனுங்க, வந்தாச் சொல்லுங்கன்னு தலைபாடா அடிச்சுட்டுச் சொன்னனே! சொன்னீங்களா? தொடையத் தட்டுனது அதுக்குத்தானா? அட என்ற கெரகமே.

இருங்க. அந்தச் சத்தம்? மிஷின் இல்லீங்களா? நீங்க சன்னல்ல பாத்தீங்களா? எப்படி இருந்தா? பச்சைச் சேலையா? பஸ்ஸைத் தட்டிட்டே கூட ஓடியாந்தாளா? அவளுக்கு முட்டி வலிங்க, மாடிப்படி ஏறவே மாட்டாளே. இத்தனை நாள் கழிச்சு வாயத் தொறந்து என்னைக் கூப்புட்டிருக்கறா. நான், தெளிவா இருக்குதுன்னு உங்ககிட்டப் பெருமை பேசிட்டு இருந்திருக்கறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கையில பை இருந்துச்சுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. துணிப்பை. இருந்துச்சா? பெருசா, தோள்ல போட்டிருந்தாளா?

தள்ளுங்க, தள்ளுங்க. பெட்டி கெடக்கட்டும், நீங்களே வெச்சுக்கங்க, கரூர்ல யாராச்சும் பாடறவங்க இருந்தாக் குடுங்க. கண்டக்டர்! கண்டக்டர் அண்ணா, வண்டியை நிறுத்துங்க! எறங்கோணும்! பாருங்க, அந்த மனுசன் முன்னால நின்னுட்டு டிரைவர்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டு இருக்கறாரு, திரும்பவே மாட்டேங்கறாரு. கண்டக்டர் அண்ணா! ஏனுங்க! ஏனுங்க! காதுல விழுகுதுங்களா இல்லீங்களா?